பாக்கெட்டில் பெருங்காயம்

உள்ளே போனவள் இன்னும் வெளியே வரவில்லை. ஒரு ரொட்டிக்கு இவ்வளவு விசாரணை. நீலத் துணி தொங்கும் அந்தக் கதவுக்குப் பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், நடுவில் என் மனைவி செண்பகவல்லியின் குரல், கேஹூ நஹி, மைதா நஹி, சூஜி நஹி. கோதுமை கூடாது, மைதா கூடாது, ரவை கூடாது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டு வீட்டம்மாவிடம் உட்கார்ந்து பாடமாகப் படித்துக்கொண்டு வந்த இந்தி. இத்தனை தூரம் தாண்டி ஜெய்சால்மருக்கு வந்து அவள் பேசுகிற இந்தி முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றே இருக்கிறது. நான் மொட்டைமாடியில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே கோட்டை. அதைப் பார்க்கத்தானே வந்தோம், பார்க்கலாம். சாயங்கால வெயில் பட்டு மொத்தக் கோட்டையும் கடலைமாவைக் கரைத்துப் பூசினது போல மஞ்சளாக நிற்கிறது. பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்கள், யாரையும் எதையும் கேட்கவில்லை. என் வலப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் கை கழுவுகிற தொட்டி, அதற்கு மேலே கண்ணாடி, கண்ணாடியில் நான். இடது கையைத் தொடைமேல் வைத்திருக்கிறேன். தொடைமேல் என்றால் பேண்ட் பாக்கெட்டின் மேல். பாக்கெட்டுக்குள் விபூதி டப்பா அளவுக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள் பெருங்காயம். அது இந்நேரம் என் பாக்கெட்டில் இருக்கக் கூடாது. எங்கள் டூர் சமையல்காரர் சுடலைமுத்து மாஸ்டரிடம் இருக்க வேண்டும். காலையிலேயே கொடுத்துவிட்டதாக அவளிடம் சொல்லிவிட்டேன்.

பெருங்காயத்துக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். கடையில் வாங்குகிற பெருங்காயம் அனேகமாக எல்லாமே கோதுமை மாவோ மைதாவோ கலந்ததுதானாம். யாருக்குத் தெரியும்? சோறு, சாம்பார், ரசம், நம்ம சாப்பாட்டில் கோதுமை எங்கே வருகிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தோம். மதுரை டாக்டர் குழாய் விட்டுக் குடலைப் பார்த்துவிட்டு, அம்மா, இனி உங்களுக்கு ஜென்மத்துக்கும் கோதுமை கிடையாது, ஒரு துணுக்குகூடக் கிடையாது என்றார். பூரி சப்பாத்தியை விட்டாள், ரவா உப்புமாவை விட்டாள், அப்படியும் வாரத்துக்கு ஒரு தடவை சுருண்டு படுத்தாள். பிறகுதான் அவளே ஒவ்வொரு டப்பாவாகப் பின்பக்கம் திருப்பிப் படித்துக் கண்டுபிடித்தாள், ரசத்தில் போடுகிற பெருங்காயம் என்று. அதிலிருந்து மாவு கலக்காத பால் பெருங்காயம் வாங்கி அரிசி மாவில் கலந்து அவளே இடித்து வைத்துக்கொள்கிறாள். அந்த டப்பாதான் இது. வெயிலில் உடம்புச் சூட்டில் கிடந்து மூடியைத் தாண்டி வாசம் வருகிறது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது. பக்கத்து மேஜைக்காரி மூக்கைச் சுருக்கினாளே, அது வேறு எதற்காகவோ இருக்கும். கைக்குட்டையை எடுத்து டப்பாவின் மேல் திணித்துக்கொண்டேன். இப்போது கைக்குட்டையும் நாறும்.

காலையில் ஓட்டல் வராந்தாவில் வைத்துத்தான் கொடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அவலும் புட்டுமாவும் தீர்ந்துவிட்டன. "இன்னைக்கு மத்தியானம் நானும் எல்லாரு கூடயும் சாம்பார் சாதம் சாப்பிடுதேங்க. மாஸ்டர்ட்ட இதக் குடுத்து, இன்னைக்கு ஒருநாளு இதப் போடச் சொல்லுங்க. நான் சொன்னா அவருக்குக் கோவம் வருது. நீங்க சொன்னாக் கேப்பாரு." சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு உல்லாசப் பயணம் போக அனுமதி கிடைத்த மாதிரி. எங்கள் ஊர் டூர் என்றால் கோட்டை கொத்தளம் எல்லாம் இரண்டாவதுதான். முதலில் சமையல்காரர். கேஸ் அடுப்பு, அண்டா, அரிசி மூட்டை, வத்தல் வடகம் எல்லாம் பஸ் வயிற்றில் ஏற்றிக்கொண்டு, பாலைவனத்துக்கே வந்தாலும் வாழையிலை போடாத குறையாகச் சாம்பார் சோறு சாப்பிட்டாக வேண்டும் நமக்கு. பஸ்ஸில் எல்லோரும் மாஸ்டரைத்தான் முதலில் விசாரிப்பார்கள், கைடை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் ஜெய்ப்பூரில் வைத்துச் செண்பகம் கேட்டுவிட்டாள், சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுகிறீர்கள் என்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இத்தன வருசமா ஆக்கிப் போடுதேன், என் சாம்பார்ல வெசமாம்மா கலந்திருக்கேன்?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னோடு மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அருணாசலம் அண்ணாச்சி, நாங்கள் இந்த டூருக்கு வந்ததே அவர் சொல்லித்தான், தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "ஏ கோமதிநாயகம், தங்கச்சிக்குக் கோதுமைதான் ஆகாதா, இல்ல நம்ம கூட உக்காந்து சாப்பிடுறதே ஆகாதா?" அதற்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதுதான், நானும் சிரித்தேன். அவள் என்னைப் பார்த்த நேரத்தில் என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது, மூடுவதற்குள் பார்த்துவிட்டாள்.

அதனால்தான் காலையில் முடியவில்லை. கொடுக்கத்தான் போனேன். ஓட்டலுக்குப் பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மாஸ்டர் வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருந்தார், சுற்றிலும் அண்ணாச்சியும் மற்றவர்களும் டம்ளரோடு நின்றார்கள். கை பாக்கெட்டுக்குள் போய் டப்பாவைப் பிடித்தும் விட்டது. "என்ன சார், காப்பியா?" என்றார் மாஸ்டர். "ஆமா மாஸ்டர், ஒரு காப்பி" என்றேன். குடித்தேன். திரும்பி வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு ஊருக்கே கரண்டை நிறுத்தி வைத்து வேலை பார்த்தவன், எம்எல்ஏ வீட்டு லைனில் கொக்கி போட்டிருந்ததைப் பிடுங்கி எறிந்தவன் என்று பேர் எடுத்தவன், ஒரு டப்பாவை நீட்ட முடியாமல் காப்பி குடித்துவிட்டு வந்தேன். "குடுத்திட்டீகளா?" என்றாள். "குடுத்திட்டேன்" என்றேன். வாயில் எவ்வளவு வழுவழுப்பாக வந்தது அந்த வார்த்தை. பிறகு கொடுத்துவிடலாம், பஸ் கிளம்புவதற்குள் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், பஸ் கிளம்பியது. ஏரிக்கரையில் இறக்கிச் சாப்பாடு போட்டார்கள். சாம்பார் வாளி திறந்ததும் குப்பென்று வந்த வாசனையில் மாஸ்டர் போட்ட பெருங்காயம் எது, என் பாக்கெட்டிலிருந்து வருவது எது என்று எனக்கே தெரியவில்லை. அவள் தட்டை வாங்கினாள். வேண்டாம் செண்பகம் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்றால் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும், அண்ணாச்சி அந்தப் பக்கம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு நின்றார். அவள் தட்டோடு பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிழலுக்குப் போனாள். திரும்பி வரும்போது தட்டு காலி. "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். கேட்டேனே, பாவி, அதையும் கேட்டேனே. "நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

இன்றைக்குச் சாயங்காலம் எங்களை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். எல்லோரும் போர்வை வாங்கப் போனார்கள். இவள் போனை எடுத்துக்கொண்டாள். கோதுமை ஆகாதவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள், எந்த ஊரில் எங்கே பயமில்லாமல் சாப்பிடலாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள், இந்தப் பாலைவன ஊருக்கும் யாரோ மூன்று கடை சொல்லியிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டாளே, அதற்குள் என்ன பசி என்று கேட்கலாமென்று பார்த்தேன், கேட்கவில்லை. மத்தியானம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று இருந்தேன். முதல் கடை கோட்டை வாசலுக்குப் பக்கத்தில், கோதுமை கலக்காதது என்று போர்டே வைத்திருந்தான். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரே மேஜையில் இந்தப் பக்கம் கோதுமை கலக்காத மாவு, அந்தப் பக்கம் மைதா, காற்றாடி வேறு சுற்றுகிறது. வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது கடையில் சர்வர் நல்ல சுறுசுறுப்பு. தனிக் கல் இருக்கிறதா, நோ ப்ராப்ளம் மேடம். தனி எண்ணெய், நோ ப்ராப்ளம் மேடம். பெருங்காயம், நோ ப்ராப்ளம் மேடம். நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். என்னடி, எல்லாம்தான் சரி என்கிறானே என்றேன். "எத கேட்டாலும் சரிங்கிறவங்கள நம்பக் கூடாதுங்க" என்றாள், சாதாரணமாக, செருப்பை மாட்டிக்கொண்டே. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒவ்வொரு கடையிலும் அவள் கேட்கும்போது நான் நாலு அடி தள்ளி நின்று பொம்மலாட்டப் பொம்மையையும் ஒட்டகத் தோல் பையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவோடு வந்தவரா என்று யாராவது கேட்டால் என்ன சொல்லியிருப்பேன், தெரியவில்லை. இந்த மூன்றாவது கடைக்காரர், தலைப்பாகை கட்டின பெரியவர், எதற்கும் பதிலே சொல்லவில்லை. கையைக் காட்டி, உள்ளே போய் நீங்களே பாருங்கள் அம்மா என்றார். போய்விட்டாள்.

இன்னும் ஒன்றும் ஆகவில்லையே. அதைத்தான் மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் வயிற்றில் கை வைக்கிறாளா, உதட்டைக் கடிக்கிறாளா, திடீரென்று பேச்சு நிற்கிறதா. சிவகாசிக் கல்யாணத்தில் பூரி பொரித்த எண்ணெயில் வடை சுட்டுவிட்டார்கள், பாதி வடைதான் தின்றாள், பந்தி முடிவதற்குள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மண்டபத்துக் கக்கூஸ் தரையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே நின்று நான் தட்டினேன், உள்ளேயிருந்து, யாரையும் கூப்பிடாதீக, யாரையும் கூப்பிடாதீக என்றாள். அந்த வடை எதில் பொரித்தது என்று விசாரித்துவிட்டு வந்து சொன்னது யார். நான்தான். விசாரித்தேன் என்றுதான் நினைவு. நினைவா, அப்படிச் சொல்லிச் சொல்லி அப்படி ஆகிவிட்டதா. சமையல்கட்டு வாசல் வரை போனேன், உள்ளே ஒரே புகை, மாப்பிள்ளையின் தாய்மாமன் வாங்க மாப்ள என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை. இன்றைக்கு அப்படி ஆனால் என்ன செய்வேன், விடிந்தால் மணல்மேட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்க வைக்கப் போகிறார்கள், அங்கே டாக்டர் எங்கே, கக்கூஸ் எங்கே. ஆனால் ஆகவில்லை. அவள் நடந்தாள், படி ஏறினாள், இதோ உள்ளே சிரிக்கக்கூடச் செய்கிறாள். ஆகவில்லை என்றால் என்ன அர்த்தம்? மாஸ்டர் போட்ட பெருங்காயத்தை முழுசாகச் சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றால். இது நான் நினைக்கவில்லை, தானாக வந்தது, ஆனால் வந்த பிறகு அதை உட்காரவைத்து உபசரித்தது நான்தான். அப்படியானால் இத்தனை வருடமாக வீட்டில் தனிக் கல், தனி மாவரைப்பு, விருந்தாளி கொண்டுவந்த பிஸ்கட்டை வாசலிலேயே வாங்கிவைப்பது, கல்யாண வீடுகளில் தலைகுனிவது, எல்லாம் பாதிக்குப் பாதி மனசுதானோ? டாக்டர் சொன்னது நிஜம்தான், ஆனால் இவள் அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாளோ? சொல்லிவிட்டால் என்ன. ஊருக்குப் போனதும் ஒரு நாள் சிரித்துக்கொண்டே, செண்பகம், அன்றைக்கு நீ சாப்பிட்டது சாதாரணப் பெருங்காயம்தான் தெரியுமா, உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டால்? ஜெயித்தது மாதிரிகூட இருந்தது ஒரு நிமிடம். டப்பாவின் மேலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணாடியில் ஒரு மனிதன், மனைவிக்கு நோய் இல்லை என்று நிரூபணம் ஆனதில் திருப்தியாக, மீசையைத் தடவிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் கூசிப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் கோட்டை.

நீலத் துணி விலகியது. செண்பகம் வருகிறாள், நெற்றியெல்லாம் வேர்வை, புறங்கையில் மாவு, முகத்தில் காலையில் பார்த்த அதே சிரிப்பு. நின்றபடியே சொன்னாள். "கம்புதாங்க. அப்பிடியே நம்மூருக் கம்பு. உருட்டும்போது மட்டும் கோதுமை மாவத் தொட்டுக்கிடுவாகளாம், அது வேண்டாம்னேன், அந்தம்மா கையாலயே தட்டித் தாரேன்னுட்டாக. கல்லயும் கழுவியாச்சு. நல்ல சனங்க." நான் தலையாட்டினேன். அவள் கையை நீட்டினாள். "அந்த டப்பாவக் குடுங்க. பருப்புத் தாளிக்கப் போறாக. இவுக பெருங்காயம் மாவு கலந்ததுதான், பாத்துட்டேன்."

"எந்த டப்பா?" என்றேன். என் வாய்தான் சொன்னது.

"பேண்ட்டு பாக்கெட்ல இருக்குல்லா, இடது பக்கம்."

எடுத்தேன். கைக்குட்டையோடு சேர்ந்து வந்தது. அப்படியே நீட்டினேன், அவளே பிரித்து டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். "மத்தியானம்..." என்று ஆரம்பித்தேன்.

"நான் சாப்பிடலங்க. ஏரிக்கரையில ஒரு ஆடு நின்னுச்சு, அதுக்குப் போட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"காலையில பஸ்ல உக்காந்ததுமே உங்க மேல வாசம் வந்திருச்சு. அத்தன பேருக்கு முன்னாடி என்னத்தச் சொல்ல?" கோபமே இல்லை. கோபம் இருந்தால் நான் பதிலுக்குக் கோபப்பட்டிருக்கலாம். பருப்பு கருகிவிடும் என்கிற அவசரம் மட்டும்தான் இருந்தது அந்தக் குரலில், உடனே உள்ளே போய்விட்டாள்.

அப்படியானால் காலையிலிருந்து பட்டினி. பஸ்ஸுக்குப் பின்னால் ஆட்டுக்குப் போட்டுவிட்டு, காலித் தட்டைக் கொண்டுவந்து, நல்லா இருந்துச்சுங்க என்று சொல்லியிருக்கிறாள். நான் பொய் சொன்னது எனக்காக, அவள் பொய் சொன்னதும் எனக்காக. நான் இங்கே உட்கார்ந்து அவளுக்கு நோயே இல்லை என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன், எழுதுவதற்கு ஆதாரம் ஒரு ஆட்டின் வயிற்றில் இருக்கிறது. சிவகாசி வடையை ஏன் பாதியோடு வைத்தாள்? அதற்குப் பிறகு எத்தனை வீட்டில், எத்தனை ஓட்டலில், கேட்டுட்டேன், ஒண்ணுமில்லையாம், சாப்பிடு என்று சொல்லியிருப்பேன்? எதை உண்மையிலேயே கேட்டேன்? அப்போதெல்லாம் பசியில்லைங்க என்பாள், இப்பத்தான் மோர் குடிச்சேன் என்பாள், உங்க தட்டுல வச்சுக்கிடுங்க என்று என் இலைக்கே தள்ளிவிடுவாள். நானும் தின்றேன். உடம்பு தேறவே மாட்டேன் என்கிறதே என்று டாக்டரிடம் வேறு குறைப்பட்டுக்கொண்டேன். சட்டையின் கழுத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. பக்கத்து மேஜைக்காரி இப்போது நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

சாப்பாடு வந்தது. கம்பு ரொட்டி தடித்தடியாக, மேலே நெய், பக்கத்தில் வெல்லம், பருப்பு, பூண்டுத் துவையல், இந்த ஊர்ப் பாலைவனத்தில் காய்க்கிற ஏதோ ஒரு காயில் பொரியல். செண்பகம் உட்கார்ந்ததும் பிய்த்து வாயில் போட்டாள். ஊதக்கூட இல்லை. சூட்டில் கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. அடுத்த ரொட்டிக்குக் கை நீட்டினாள். வெல்லத்தை உடைத்து நெய்யில் தொட்டு, பருப்பை விரலால் வழித்து, என்னைப் பார்க்காமல் சாப்பிட்டாள். அவள் பயமில்லாமல் சாப்பிட்டால் எப்படிச் சாப்பிடுவாள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். "நீங்களும் சாப்பிடுங்க, ஆறிரும்" என்றாள். பிய்த்தேன். பருப்பில் எங்கள் வீட்டுப் பெருங்காயம் மணத்தது.

தலைப்பாகைப் பெரியவர் இரண்டு நீள டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்தார். மேலே பழுப்பாக ஏதோ பொடி மிதந்தது. செண்பகம் டம்ளரை எடுத்தவள் மூக்கருகே வைத்து நிறுத்தினாள். எனக்குப் புரிந்தது. "இரு, நான் கேக்கேன்" என்று எழுந்தேன். நாற்காலி பெரிதாகச் சத்தம் போட்டது. "பாய் சாப்" என்று கூப்பிட்டேன், மொட்டைமாடி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டேன், வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள், திரும்பட்டும், எல்லோரும் பார்க்கட்டும். டம்ளரைக் காட்டி, "ஹிங்? பெருங்காயம்? கேஹூ? மைதா?" என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கேட்டேன். அவர் பொறுமையாகத் தலையசைத்தார். "நஹி சாப். ஜீரா, நமக். பஸ்." மறுபடியும் கேட்டேன், சத்தியமாக இரண்டு தடவை கேட்டேன். மறுபடியும் சீரகம், உப்பு, அவ்வளவுதான் என்றார். உடம்பெல்லாம் ஒரு லேசு. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தேன். உட்கார்ந்து, அவள் டம்ளரை அவள் பக்கம் தள்ளிவைத்தேன்.

"கேட்டுட்டேன். ஒண்ணுமில்லையாம், சீரகமும் உப்பும்தானாம். குடி."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அதே வார்த்தைகள். எப்போதும் சொல்கிற அதே வார்த்தைகள், அதே குரல்.

செண்பகம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. "சரிங்க" என்றாள். டம்ளரைத் தூக்கினாள், உதடு வரை கொண்டுபோனாள், கீழே வைத்தாள். "கையெல்லாம் நெய்யி. கழுவிட்டு வந்துருதேன்" என்று எழுந்தாள்.

கை கழுவுகிற தொட்டி என் வலப்பக்கம்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பாமல், நீலத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கேஹூ நஹி, மைதா நஹி என்று கேட்டது. எனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாகத்தான் பேசினாள்.